விரட்ட விரட்ட வரும் எண்ணங்கள்: மனதை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம்?

"தக்பீர் கட்டியவுடன் அசிங்கமான எண்ணங்கள் வருகின்றன. விரட்டினால் இன்னும் கூடுகின்றன. என்னுடைய ஈமான் போய்விட்டதா சேர்?"

உயர்தர வகுப்புகளில் கற்பிக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சிலர் நேரே கேட்பார்கள். சிலர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதித் தருவார்கள். கேட்கத் துணியாதவர்கள் இவர்களை விட அதிகம் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். வுழூ சரியாகச் செய்தேனா என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்பக் குழாயடிக்குப் போகும் பிள்ளைகளும், நிய்யத் சரியாக வரவில்லை என்று தக்பீரை மூன்று நான்கு தடவை கட்டும் பெரியவர்களும் எமது ஊர்களில் இருக்கிறார்கள்.

இவர்களுக்கு நாம் வழமையாகச் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அதை நினைக்க வேண்டாம். மனதை அடக்குங்கள்." நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் இந்தப் பதில் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. சில வேளைகளில் நிலைமையை மோசமாக்கியும் விடுகிறது. அது ஏன் என்பதைக் கடந்த 40 ஆண்டுகளில் உளவியலாளர்கள் ஓரளவு தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். நான் வைத்தியனும் அல்ல, ஆலிமும் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் உளவியலை ஒரு பாடமாகப் படித்து, பிறகும் அதை வாசித்து வருபவன் என்ற அளவிலேயே இதை எழுதுகிறேன்.

வெள்ளைக் கரடிப் பரிசோதனை

டானியல் வெக்னர் கனடாவில் 1948 இல் பிறந்து, அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர். பிற்காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து 2013 இல் காலமானார். நினைக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ரஷ்ய எழுத்தாளர் தஸ்தாயெவ்ஸ்கி 1863 இல் எழுதிய ஒரு பயணக் கட்டுரையில் வெள்ளைக் கரடியை உதாரணம் காட்டியிருந்தார். வெக்னர் அதையே ஒரு பரிசோதனையாக மாற்றினார். அவரும் சகாக்களும் நடத்திய அந்த ஆய்வு 1987 இல் வெளிவந்தது.

பரிசோதனை மிக எளிமையானது. மாணவர்கள் ஒவ்வொருவராகத் தனியறையில் அமர்ந்து, ஐந்து நிமிடங்களுக்கு மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு நிபந்தனை: வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. அந்த நினைப்பு வந்தால் மேசையில் உள்ள மணியை அடிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மணி ஒலித்தது. வேறு எந்த வேலையும் இல்லாத, அது ஒன்றே குறியாக இருந்த மனிதர்களால்கூட ஐந்து நிமிடம் ஒரு கரடியை வெளியே நிறுத்த முடியவில்லை.

அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. அதே மாணவர்களிடம், "இப்போது வெள்ளைக் கரடியைத் தாராளமாக நினைக்கலாம்" என்று சொல்லப்பட்டது. அவர்களுடைய மனதில் கரடி வெள்ளமாகப் பாய்ந்தது. ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்ட வேறொரு குழுவை விடவும், முதலில் அடக்கி வைத்தவர்களே பின்னர் அதிகமாக நினைத்தார்கள். அதாவது, அடக்கிய எண்ணம் அழிந்து போவதில்லை. அது பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிறது.

இதை எமது வகுப்பறைகளிலும் செய்து பார்க்கலாம். வெள்ளைக் கரடிக்குப் பதிலாக ஒரு பச்சைக் குரங்கைச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் கொடுத்து, நினைவு வரும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வெறுந்தாளைத் திருப்பித் தரும் பிள்ளையைக் காண்பது அரிது.

காவலாளியே கள்வனைக் கூட்டி வருகிறான்

இது ஏன் நடக்கிறது என்பதற்கான விளக்கத்தை வெக்னர் 1994 இல் விரிவாக முன்வைத்தார். ஓர் எண்ணத்தைத் தவிர்க்க நாம் முயலும்போது மனதில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்பது அவரது கருத்து.

முதலாவது, வேறு விடயங்களைத் தேடிப் பிடித்து மனதை நிரப்பும் வேலை. இதை நாம் அறிந்தே செய்கிறோம். இதற்கு முயற்சியும் சக்தியும் தேவை. இரண்டாவது, தடை செய்யப்பட்ட எண்ணம் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று கண்காணிக்கும் வேலை. இது நமது உணர்வுக்கு வெளியே தானாகவே நடக்கிறது. இதற்குப் பெரிய முயற்சி எதுவும் தேவையில்லை.

பிரச்சினை இங்குதான் இருக்கிறது. கள்வன் வருகிறானா என்று பார்க்க வேண்டுமென்றால், கள்வனின் முகம் காவலாளிக்கு ஞாபகத்தில் இருக்க வேண்டும். வரக்கூடாத எண்ணத்தை அடையாளம் காண வேண்டுமென்றால், அந்த எண்ணத்தை மனம் எங்கோ ஓர் ஓரத்தில் கையில் வைத்திருக்க வேண்டும். நாம் உற்சாகமாக இருக்கும்போது முதலாவது வேலை ஒழுங்காக நடக்கும். களைப்பு, கவலை, நித்திரைக் குறைவு, பரீட்சைப் பயம் என்று ஏதாவது ஒரு சுமை வந்தால் அது தளர்ந்து விடும். காவலாளி மட்டும் ஓயாமல் நிற்பான். அவன் தேடிக்கொண்டிருப்பது எதுவோ, அதுவே மனதின் முன்னால் வந்து நிற்கும்.

இது எண்ணங்களுக்கு மட்டும் உரியதல்ல. நூலில் தொங்கும் ஒரு குண்டைக் கையில் பிடித்து அசையாமல் வைத்திருக்குமாறும், குறிப்பாக ஒரு திசையில் அது அசையக் கூடாது என்றும் வெக்னர் சிலரிடம் சொன்னார். கூடாது என்று சொன்ன அதே திசையில் குண்டு அசைந்தது. 1000 இலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணும் வேலையையும் கூடவே கொடுத்தபோது அசைவு மேலும் கூடியது. இன்னொரு ஆய்வில், இரைச்சலான அணிவகுப்பு இசையைக் கேட்டுக்கொண்டே கூடிய விரைவில் உறங்க வேண்டும் என்று சிலருக்குச் சொல்லப்பட்டது. வேறு சிலருக்கு, விரும்பிய நேரம் உறங்கலாம் என்று சொல்லப்பட்டது. முயற்சி செய்தவர்களுக்கே தூக்கம் தாமதித்து வந்தது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு எமது பிள்ளைகளுக்கு நடப்பதும் இதுதான்.

இப்போது தொழுகைக்கு வருவோம். "இந்த எண்ணம் மட்டும் தொழுகையில் வரக்கூடாது" என்று பயந்து பயந்து ஸப்பில் நிற்கும் பிள்ளை, அந்தக் காவலாளியை வாசலில் நிறுத்திவிட்டே தக்பீர் கட்டுகிறது. எண்ணம் வருவதற்குக் காரணம் அந்தப் பிள்ளையின் ஈமான் பலவீனம் அல்ல. அந்த எண்ணத்தை வெறுத்து அஞ்சுவதால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது. ஈமானைப் பற்றிய அக்கறை இல்லாதவனுக்கு இந்தப் பயமே வராது.

இந்த எண்ணங்கள் யாருக்கு வருகின்றன?

எல்லோருக்கும் வருகின்றன. இதை உறுதிப்படுத்திய முக்கியமான ஆய்வில் ஓர் இலங்கையருக்கும் பங்கு உண்டு. லண்டனில் பணியாற்றிய இலங்கை உளவியலாளர் பத்மல் டி சில்வா, பேராசிரியர் ஸ்டான்லி ரக்மனுடன் சேர்ந்து 1978 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மனநோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், விரும்பாமலே மனதில் நுழையும் வெறுப்பான எண்ணங்கள் உங்களுக்கு உண்டா என்று கேட்டார்கள். ஐந்து பேரில் ஏறக்குறைய நான்கு பேர் உண்டு என்றார்கள். அன்புக்குரியவரைத் தாக்குவது போன்ற எண்ணம், ஆபாசமான எண்ணம், தாம் புனிதமாகக் கருதுவதை நிந்திக்கும் எண்ணம் என்று எல்லா வகையும் அவற்றில் அடங்கும்.

சிகிச்சை பெறும் நோயாளிகளின் எண்ணங்களும் உள்ளடக்கத்தில் இவற்றைப் போன்றவையே. வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. நோயாளிகளுக்கு அவை அடிக்கடி வந்தன. நீண்ட நேரம் நின்றன. அதிக வேதனையைத் தந்தன. அவர்கள் அவற்றுடன் அதிகம் போராடினார்கள். சாதாரண மனிதன், "என்ன கண்றாவி எண்ணம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறான். மற்றவரோ, "இப்படி ஓர் எண்ணம் வருகிறதென்றால் நான் எப்படிப்பட்டவன்?" என்று அங்கேயே நின்று விடுகிறார். நினைத்தாலே செய்ததற்குச் சமம் என்ற நம்பிக்கை இந்நோய்க்கு எரிபொருளாகிறது என்பதை ரக்மனும் அவரது சகாக்களும் பிற்காலத்தில் விளக்கினார்கள்.

அப்படியானால் எனது நாட்டம் எங்கே இருக்கிறது?

எண்ணங்கள் தாமாக வருகின்றன என்றால், நான் அறிந்து, நாடிச் செய்வது என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா? வெக்னர் இந்தக் கேள்வியையும் எடுத்தார். 1999 இல் தாலியா வீட்லியுடன் சேர்ந்து அவர் செய்த பரிசோதனையில், இருவர் சேர்ந்து ஒரே மவுஸைப் பிடித்து, சின்னச் சின்னப் பொருட்களின் படங்கள் நிறைந்த திரையில் குறியை நகர்த்தினார்கள். அவர்களில் ஒருவர் ஆய்வாளரின் ஆள். சில தடவைகளில் குறியை நிறுத்தியது அவர்தான். ஆனாலும், குறி நிற்பதற்குச் சற்று முன்னர் அந்தப் பொருளின் பெயரைக் காதில் கேட்டிருந்தால், மற்றவர் "நானே நாடி நிறுத்தினேன்" என்ற பக்கம் சாய்ந்து பதில் சொன்னார். செய்யாததையும் நான் செய்தேன் என்று மனம் உரிமை கோரும் என்பதை இது காட்டியது. நாடிச் செய்தோம் என்ற உணர்வு, செயலுக்கான காரணம் எது என்பதற்கு எப்போதும் நம்பகமான சாட்சி அல்ல என்று வெக்னர் 2002 இல் ஒரு நூலில் வாதிட்டார்.

இதற்கு முன்னரே, 1983 இல், பெஞ்சமின் லிபெட் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் இன்னொரு முடிவை வெளியிட்டிருந்தார். விரும்பிய நேரத்தில் கையை அசைக்குமாறு சிலரிடம் சொல்லி, மூளையின் மின் அசைவுகளைப் பதிவு செய்தார். கை அசைவதற்குச் சுமார் அரைச் செக்கனுக்கு முன்னரே மூளையில் ஆயத்தம் தொடங்கியது. "இப்போது அசைப்போம்" என்ற எண்ணத்தை அவர்கள் உணர்ந்ததோ, அசைவதற்குச் சுமார் 200 மில்லி செக்கன்களுக்கு முன்னர்தான்.

இவற்றை வைத்து, மனிதனுக்குத் தெரிவுச் சுதந்திரமே இல்லை என்று சிலர் அவசரமாக முடிவு கட்டுகிறார்கள். பொறுப்பைத் தட்டிக் கழிக்க விரும்பும் ஒருவருக்கு இது வசதியான முடிவு. ஆனால் ஆய்வுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. மூளையில் பதிவான அந்த ஆயத்தம் ஏற்கனவே எடுக்கப்பட்ட தீர்மானம் அல்ல, மூளையின் சாதாரண ஏற்ற இறக்கமாகவும் இருக்கலாம் என்று 2012 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. லிபெட் கூட, தூண்டுதல் எங்கிருந்து தொடங்கினாலும் அதைக் கடைசி நேரத்தில் நிறுத்திவிடும் வாய்ப்பு மனிதனுக்கு உண்டு என்றே கருதினார். நாடிச் செய்தோம் என்ற உணர்வு பயனற்றது என்று வெக்னரும் சொல்லவில்லை. எந்தச் செயலுக்கு நான் பொறுப்பு என்பதை அடையாளம் காண அது உதவுகிறது, ஒழுக்க வாழ்வுக்கு அது தேவை என்றே எழுதினார்.

ஆக, எமது கட்டுப்பாடு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. மனதில் என்ன தோன்ற வேண்டும் என்பதில் அது மிகக் குறைவு. தோன்றியதைத் தொடர்வதா, விடுவதா, அடுத்து என்ன செய்வது என்பதில் அது அதிகம்.

எமது மார்க்கம் கோடு போட்ட இடம்

விஞ்ஞானம் இஸ்லாத்தை நிரூபித்துவிட்டது என்று எழுதுவது எனது நோக்கமல்ல. மார்க்கத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் இந்த விடயத்தில் எமக்கு என்ன சொல்லித் தரப்பட்டிருக்கிறது என்பதை நாமே மறந்துவிட்டோமோ என்ற கவலை எனக்கு உண்டு.

உள்ளங்களில் தோன்றும் ஊசலாட்டங்களை, அவற்றைச் செயற்படுத்தாத வரை அல்லது வாயால் பேசாத வரை, அல்லாஹ் இந்த உம்மத்துக்கு மன்னித்திருக்கிறான் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸின் கருத்து. தீமை ஒன்றை எண்ணி, பின்னர் அதைச் செய்யாமல் விட்டவருக்கு ஒரு முழு நன்மை எழுதப்படுகிறது என்பதும் அவ்விரு நூல்களிலும் உள்ளது. மனதில் வந்து போகும் எண்ணத்துக்கும், உறுதியாகத் தீர்மானித்துக் கொள்வதற்கும் இடையிலான வேறுபாட்டை உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள்.

ஸஹாபாக்களில் சிலர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, வாயால் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் தமது உள்ளங்களில் தோன்றுவதாக முறையிட்டார்கள். நபியவர்கள் அவர்களைக் கண்டிக்கவில்லை. அந்த அச்சமும் வெறுப்புமே தெளிவான ஈமான் என்ற கருத்தில் பதில் அளித்தார்கள். இது முஸ்லிமில் உள்ளது. படைத்தவனைப் பற்றி ஷைத்தான் கேள்வி மேல் கேள்வியாகக் கிளப்பும்போது என்ன செய்வது என்பதற்கும் வழிகாட்டல் உண்டு: அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடிவிட்டு, அத்துடன் நிறுத்திக்கொள்வது. மணிக்கணக்கில் அந்த எண்ணத்துடன் மல்லுக்கட்டும்படி சொல்லப்படவில்லை. வுழூ முறிந்ததா என்ற சந்தேகம் வந்தால், சத்தத்தைக் கேட்கும் வரை அல்லது வாடையை உணரும் வரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்பதும் இதே வகையான வழிகாட்டல்தான். சந்தேகத்துக்குக் கீழ்ப்படியாமல் செயலைத் தொடர வேண்டும்.

பல்க் நகரைச் சேர்ந்த அபூ ஸைத் அல்-பல்கி, கி.பி. 934 இல் வபாத்தான அறிஞர். உடல் நலத்தையும் உள நலத்தையும் சேர்த்து அவர் எழுதிய நூலில் கோபம், அச்சம், கவலை ஆகியவற்றுடன் வஸ்வாஸையும் ஒரு தனித் துன்பமாக எடுத்து விளக்கினார். தனிமையைத் தவிர்த்து, மனிதர்களுடனும் வேலைகளுடனும் ஈடுபடுவதை அதற்குரிய வழிகளில் ஒன்றாகச் சொன்னார். பிற்காலத்தில் இப்னு குதாமா (ரஹ்) அவர்கள், வுழூவிலும் நிய்யத்திலும் வஸ்வாஸுக்கு ஆளாகி வரம்பு மீறுவதைக் கண்டித்தே தனியாக ஒரு சிறு நூல் எழுதினார்கள். இந்தப் பிரச்சினை எமது பிள்ளைகளிடம் புதிதாகத் தோன்றிய ஒன்றல்ல.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, "நினைக்காதே" என்பதற்குப் பதிலாக, "இதைச் செய்" என்று சொல்லிப் பழக வேண்டும். 1987 ஆய்விலேயே, கரடி நினைவு வரும்போது ஒரு சிவப்பு வொக்ஸ்வாகன் காரை நினைக்குமாறு சொல்லப்பட்டவர்களுக்கு, எண்ணம் பின்னர் வெள்ளமாகத் திரும்பி வருவது குறைந்தது. தொழுகையில் அந்தச் சிவப்புக் காரை நாம் தேடி அலைய வேண்டியதில்லை. ஓதும் சூராவின் பொருள் இருக்கிறது. ஸுஜூதில் நெற்றி பதியும் இடம் இருக்கிறது. எண்ணம் வந்தால் வரட்டும், நாம் ஓதலுக்குத் திரும்புவோம். பத்துத் தடவை கலைந்தால் பத்துத் தடவை திரும்புவோம். அந்தத் திரும்புதலே எமது கையில் உள்ள நாட்டம்.

இரண்டாவது, பிள்ளை இதைச் சொல்ல வரும்போது உம்மா வாப்பாவும், ஆசிரியரும், மௌலவியும் முகம் சுளிக்கக் கூடாது. "அஸ்தஃபிருல்லாஹ், இப்படியெல்லாமா நினைக்கிறாய்?" என்ற ஒரு வார்த்தை போதும். அந்தப் பிள்ளை அடுத்த பல வருடங்களுக்கு வாய் திறக்காது. "எனக்கும் வரும், எல்லோருக்கும் வரும், அது உன்னுடைய செயல் அல்ல" என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் உடனே ஒரு வெளிச்சம் தெரியும்.

மூன்றாவது, எல்லையைத் தெரிந்திருக்க வேண்டும். கழுவுவதிலும் சரிபார்ப்பதிலும் ஒவ்வொரு நாளும் நீண்ட நேரம் கழிகிறது, கை தோல் உரிகிறது, பயத்தால் தொழுகையையே விடுகிறார், படிப்போ தொழிலோ குழம்புகிறது என்றால் அது உபதேசத்தால் மட்டும் தீரும் விடயமல்ல. ஓசிடி எனப்படும் நோயாக அது இருக்கலாம். இதற்குப் பயனுள்ள மருந்துகள் உண்டு. பயத்தைத் தூண்டும் நிலையை எதிர்கொண்டு, மீண்டும் கழுவாமல், மீண்டும் சரிபார்க்காமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளை நாடலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஜின் பிடித்துவிட்டது என்று ஊர் ஊராகக் கொண்டு திரிவதில் வீணாகும் வருடங்கள், அந்தப் பிள்ளையின் பரீட்சை வருடங்களாகவும் திருமண வருடங்களாகவும் இருக்கின்றன.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் உலமாக்களிடமும் ஒரு வேண்டுகோள். வருடத்தில் ஒரு ஜும்ஆவையாவது இந்தத் தலைப்புக்கு ஒதுக்குங்கள். எண்ணம் வருவது குற்றமல்ல, அதற்கு அடிபணியாமல் தொழுகையைத் தொடர்வதே மார்க்கம் என்பதை மிம்பரிலிருந்து ஒருவர் கேட்பதன் பெறுமதி, வகுப்பறையில் நான் நூறு தடவை சொல்வதை விட அதிகம். அன்று ஸப்பின் ஓர் ஓரத்தில் தன்னைத்தானே காபிர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் சுமை இறங்கும், இன்ஷா அல்லாஹ்.